பூஜ்ஜியத்துக்கு இருமல்

காசநோய்க் கிருமி ஒருவர் உடம்பில் பதுங்கியிருக்கிறதா என்று ஒரு குழாய் ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் அறிவித்தபோது, அங்கே இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் பழக்கமுள்ளவர்களை முந்தைய வருடமே பின்கட்டிடத்துக்கு மாற்றியாகிவிட்டது.

சோதனை என்னவோ எளிமையானதுதான். ரத்தத்தில் கிருமியின் சத்தைக் கொஞ்சம் கலந்து வைப்பார்கள். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த ரத்தமாக இருந்தால் கொதிக்கும். சந்திக்காத ரத்தமாக இருந்தால் பேசாமல் இருக்கும். எவ்வளவு கொதித்தது என்பதை இயந்திரம் எண்ணாகச் சொல்லும். ஆனால் எந்த எண்ணுக்கு மேல் போனால் தொற்று, எதுவரை வெறும் சிடுசிடுப்பு என்று ஒரு எல்லை போட வேண்டும். அதற்குக் கிருமியே அண்டாத ஒரு ஆள் தேவை. அவருடைய ரத்தம்தான் பூஜ்ஜியம். மற்றவர்களையெல்லாம் அதிலிருந்து அளக்க வேண்டும்.

அண்டாதவர் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சோதித்துப் பார்க்கலாம். ஆனால் சோதனை சரியானதா என்று தெரிவதற்குத்தானே அந்த ஆளே வேண்டியிருக்கிறது? மதிப்பீட்டுக் குழு இந்தக் கேள்வியைப் பல கூட்டங்களில் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஆளைப் பார்த்தே தேர்ந்தெடுத்துவிடுவது என்று ஒருமனதாக முடிவு செய்தது.

நிறுவனத்தின் மாடி ஜன்னலுக்கு எதிரே பேருந்து நிலையம். அதன் நடுவில் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் மைக்கின் முன்னால் அறிவிப்பாளர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“அதோ பாருங்க,” என்றார் இயக்குநர். “ஊரே அவரைச் சுத்தி இருமிக்கிட்டுப் போகுது. ஒரு மூச்சுக்கூட அவரைத் தொடலை. இயற்கையே நமக்காகப் பாட்டில்ல போட்டு வெச்ச மனுஷன்.”

அந்தக் கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை உண்டு. நாள் முழுக்க அது திறந்தே இருக்கும். அதில் முகத்தை நுழைத்து “வண்டி போயிடுச்சாங்க?” என்று கேட்காமல் அந்த ஊரில் யாரும் பயணம் போனதில்லை. கேட்கிறவர்கள் கேள்வியோடு நாலு இருமலையும் உள்ளே விட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் குழு ஜன்னலோரம் வந்து நிற்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அப்போது அறிவிப்பாளரும் சாப்பாட்டுக்காக ஓட்டையைப் பலகையால் மூடியிருப்பார்.

அவரை அழைத்து வந்து, கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

“காசநோய்க்காரங்க யாராவது உங்களுக்குப் பழக்கமா?” என்று கேட்டார் இயக்குநர்.

“தெரியலீங்க. எங்கிட்ட வர்றவங்க என்ன நோய்னு சொல்லிட்டா பேசறாங்க? பஸ் எப்பன்னுதான் கேப்பாங்க.”

“பழக்கமில்லை,” என்று இயக்குநர் குழுவைப் பார்த்துச் சொன்னார். குழு தலையாட்டியது.

ஊசிக்காரி என்று எல்லாரும் கூப்பிடும் ரத்தம் எடுக்கும் பெண் வந்து ரத்தம் எடுத்தாள். அது இயந்திரத்துக்குள் போனது. எண் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. இயந்திரத்தில் இருந்த கடைசி எண்ணைத் தொட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே நின்றது.

குழு எண்ணையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தது.

“அற்புதம்!” என்றார் இயக்குநர். “கிருமியே இல்லாத ரத்தம் இவ்வளவு கொதிக்கும்னு இதுவரைக்கும் உலகத்துல யாருக்கும் தெரியாது. இதுதான் நம்ம பூஜ்ஜியம்.”

வழக்கத்தை விடமாட்டாத உறுப்பினர் ஒருவர், பழைய தோல் ஊசிச் சோதனையையும் போட்டுப் பார்த்துவிடலாமே என்றார். போட்டார்கள். இரண்டு நாளில் முன்கையில் குத்திய இடம் புடைத்துக்கொண்டு நின்றது. ஸ்கேல் வைத்து அளக்க வந்த ஊசிக்காரி, “அண்ணே, இதுக்குத் தையல்காரர் டேப்பு வேணும் போலிருக்கே,” என்றாள்.

“பாத்தீங்களா பழைய சோதனையோட லட்சணத்தை! கிருமியே இல்லாதவர் கையிலயும் வீங்குது,” என்றார் இயக்குநர்.

குழுவின் புள்ளியியல் நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விளக்கினார். “பழையதும் புதுசும் ஒத்துப்போச்சுன்னா, புதுசு சரின்னு அர்த்தம். ஒத்துப்போகலைன்னா, பழசு தப்புன்னு அர்த்தம். எப்படிப் போனாலும் நமக்குச் சேதாரமில்லை.”

மற்றவர்களை அளக்க இவர்தான் அளவுகோல் என்பதற்காக, அறிவிப்பாளரின் கழுத்தில் ‘தரம்’ என்று பொறித்த அட்டையை மாட்டினார்கள். தரத்துக்கான விதிகளை இயக்குநரே இயற்றி, எழுந்து நின்று வாசித்தார். தரமானவர் கண்ணாடி அறையில்தான் இருக்க வேண்டும். வாராவாரம் ரத்தம் தர வேண்டும். எந்த மாத்திரையும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் தரம் கெட்டுவிடும். அறிவிப்பாளருக்கு முழுக்கப் புரியவில்லை. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்காக யாரோ எழுந்து நின்று எதையோ வாசித்தார்கள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து அந்த ஊரில் யார் ரத்தத்தைச் சோதித்தாலும் பூஜ்ஜியம்தான் வந்தது. அறிவிப்பாளரைவிட அதிகமாகக் கொதிக்க எந்த ரத்தத்தாலும் முடியவில்லை. நோய் உள்ளவர்களும் பூஜ்ஜியம், இல்லாதவர்களும் பூஜ்ஜியம். இயந்திரம் ‘உண்டு’ என்று சொன்னால்தான் காசநோய் மாத்திரை என்பது புதிய ஏற்பாடு. ஊரிலிருந்த மருந்தகங்களின் மாத்திரைகளையெல்லாம் அள்ளி வந்து நிறுவனத்தின் ஜன்னல் ஒன்றுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார்கள். அந்த ஜன்னல் திறக்கவே இல்லை.

“மருந்தால நோயைக் குறைச்சவங்க உண்டு,” என்று இயக்குநர் ஒரு கூட்டத்தில் பேசினார். “வெறும் சோதனையாலயே நோயை ஒழிச்சது நாமதான்.”

இந்த நேரம் பார்த்துப் பூஜ்ஜியத்துக்கு இருமல் வந்தது.

முதலில் ஒலிபெருக்கியில்தான் ஊருக்குத் தெரிந்தது. “நாலாவது மேடையிலிருந்து புறப்படும் பேருந்து…” என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு நிலையம் முழுக்க இருமல்தான் கேட்கும். இருமி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும்.

“என்னண்ணே, எங்க வண்டி ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி உங்க இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுது?” என்று ஓட்டுநர்கள் ஓட்டையில் முகத்தை நுழைத்துக் கிண்டலடித்தார்கள்.

அதே நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரில் அவர் மனைவிக்கு வேலை. குடையையும் பையையும் பார்த்தே விட்டுப்போனவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவாள். புருஷனையும் அப்படித்தான் பார்த்தாள்.

“இது யார் சட்டை? எவனோ விட்டுட்டுப் போன சட்டையை எடுத்து மாட்டிக்கிட்ட மாதிரி தொங்குது.”

“என் சட்டைதான். துவைச்சுத் துவைச்சுப் பெருசாயிடுச்சு.”

“துவைச்சா சுருங்கும். உங்களுக்கு மட்டும் பெருசாகுதா? ராத்திரியானா உடம்பெல்லாம் வேர்வை, தலையணையைப் பிழிஞ்சு காயவைக்கறேன். டாக்டர்கிட்டப் போவோம்னா கேக்கறீங்களா?”

“எனக்கு ஒண்ணும் இருக்காதுடி. நான்தானே தரம்,” என்று அட்டையைத் தொட்டுக் காட்டினார். காட்டும்போதே இருமினார்.

“நீங்க தரமோ மரமோ எனக்குக் கவலையில்லை. உங்க நெஞ்சுமேலதான் பாப்பா தூங்குது. அதுக்கு ரெண்டு வயசுகூட ஆகலை. அதை நினைச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்த்தார். மறுநாள் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு இருவரும் நிறுவனத்துக்குப் போனார்கள்.

இயக்குநர் மறுக்கவில்லை. சோதனை எல்லாருக்கும் பொது என்றார். ஊசிக்காரி ரத்தம் எடுத்தாள். இயந்திரம் எப்போதும்போல் வந்தவரின் ரத்தத்திலிருந்து தர ரத்தத்தைக் கழித்தது. அதாவது அறிவிப்பாளரிலிருந்து அறிவிப்பாளரைக் கழித்தது. மிச்சம் ஒன்றும் இல்லை.

“வாழ்த்துகள்!” இயக்குநர் கைகொடுத்தார். “இவ்வளவு கச்சிதமான பூஜ்ஜியத்தை என் சர்வீஸ்லயே பாத்ததில்லை.”

“இருமினா ரத்தம் வருதுங்களே,” என்றாள் மனைவி.

“வரட்டும்மா. ஆனா அதுவும் தர ரத்தம். கைக்குட்டையில வீணாக்காம, ஒரு குழாய் தர்றேன், அதுல பிடிச்சுக் கொண்டு வந்து குடுங்க.”

அவர்கள் போன பிறகு விதிகளில் ஒன்று கூடியது: தரமானவரின் இருமல் இருமலாகக் கருதப்படாது.

பேருந்து நிலையத்தின் மூலையில் சின்ன மருந்தகம் ஒன்று இருந்தது. அதை நடத்திய டாக்டரம்மாவிடம் நிறுவனம் எடுத்துக்கொண்டு போகாத பொருள் ஒன்று மிச்சமிருந்தது. அது ஒரு நுண்ணோக்கி. பழசு என்று விட்டுவிட்டார்கள். அறிவிப்பாளரின் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டு அதில் வைத்துப் பார்த்தார் டாக்டரம்மா.

“கிருமி வரிசையா நிக்குது. உங்க பஸ் ஸ்டாண்டுல இவ்வளவு ஒழுங்கா யாரும் நின்னு நான் பாத்ததில்லை,” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “உங்களுக்கு உடனே மாத்திரை ஆரம்பிக்கணும். பாப்பாவுக்கும் குடுக்கணும். நோய் வந்தப்புறம் இல்லை, இப்பவே. சின்னக் குழந்தைங்க உடம்புல இது சீக்கிரமா முத்திடும்.”

“குடுங்க டாக்டர்.”

“எங்கிட்ட எங்கேம்மா இருக்கு? எல்லாத்தையும்தான் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களே.”

மனைவி கண்ணாடித் துண்டையும் கடனாக வாங்கிய நுண்ணோக்கியையும் கொண்டுபோய் இயக்குநரின் மேசையில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“தெரியுதுங்களா?”

“தெரியுது. ஆனா கண்ணுக்குத் தெரியறதையெல்லாம் நம்பிட்டா ஆராய்ச்சி எதுக்கும்மா?” என்றார் இயக்குநர். “நம்ம ரத்தச் சோதனைப்படி ஊர்ல ஒருத்தருக்கும் நோய் இல்லை. சளியில மட்டும் கிருமி தெரியுதுன்னா, தப்பு எந்தப் பக்கம்? நீங்களே சொல்லுங்க.”

புள்ளியியல் நிபுணர் நுண்ணோக்கியைப் பழுதுபார்க்க அனுப்பலாம் என்று பரிந்துரைத்தார். மனைவி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பாப்பா அவள் தோளில் சாய்ந்து ஒரு முறை இருமியது. சின்ன இருமல்தான். கூட வந்த அறிவிப்பாளர் நடையை நிறுத்திவிட்டார். கழுத்தட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அதை யாருக்கும் தொட்டுக் காட்டவில்லை.

இதற்கிடையில் நிறுவனத்துக்கு ஒரு நெருக்கடி. சோதனையை ஊருக்கு அர்ப்பணிக்கும் விழாவுக்கு ஒப்புக்கொண்ட தலைமை விருந்தினர், இந்தச் சோதனை இதுவரை யாருக்காவது நோயைக் கண்டுபிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டார். ஒரே ஒருவரையாவது காட்டினால்தான் மேடையேறுவாராம்.

“இல்லாதவங்களை இல்லைன்னு சொல்றதுல நாம ஒரு தடவைகூடத் தவறலை,” என்றார் புள்ளியியல் நிபுணர். “இருக்கிறவங்க விஷயத்துல தவறுறதுக்கு நமக்கு இன்னும் வாய்ப்பு கிடைக்கலை.”

நோய் நிச்சயமாக உள்ள ஒருவர் வேண்டும். அவர் ரத்தம்தான் ‘உண்டு’ என்பதற்குத் தரம். குழு ஊரெல்லாம் தேடியது. எல்லாரும் பூஜ்ஜியம். கடைசியில் இயக்குநருக்கு அந்தக் கண்ணாடித் துண்டு ஞாபகம் வந்தது. அறிவிப்பாளருக்கு ஆள் அனுப்பினார்.

“உங்களுக்குப் பதவி உயர்வு. இனிமே நோய்க்கும் நீங்கதான் தரம்,” என்று இரண்டாவது அட்டையை நீட்டினார்.

“ஏற்கெனவே நோய் இல்லாததுக்கு நான்தானுங்களே?”

“ஒரே ஆள் ரெண்டு பொறுப்புல இருக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லை. நானே இப்போ ரெண்டு குழுவுக்குத் தலைவர்.”

மனைவி குறுக்கிட்டாள். “அப்படின்னா இவருக்கு நோய் இருக்குன்னு ஒத்துக்கறீங்க.”

“தரம்ங்கற முறையில இருக்கு. நோயாளிங்கற முறையில இல்லை.”

“மாத்திரை குடுப்பீங்கதானே?”

இயக்குநர் அதிர்ந்துபோனார். “மாத்திரை குடுத்தா குணமாயிடுமே! அப்புறம் நாங்க எதை வெச்சு அளக்கறது? இத்தனை பேர் உழைப்பும்மா இது. உங்க ஒரு குடும்பத்தைப் பத்தி மட்டும் யோசிக்கறீங்களே.”

மனைவி, கவுண்டரில் யாராவது தன்னுடையது அல்லாத பையைத் தன்னுடையது என்று அடித்துப் பேசும்போது பார்ப்பதுபோல அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணவனின் கழுத்தில் இரண்டு அட்டைகளையும் அவளே மாட்டிவிட்டு, “விழாவுக்கு வர்றோம்,” என்றாள்.

புள்ளியியல் நிபுணர் இயந்திரத்தைத் திருத்தியமைத்தார். அறிவிப்பாளரின் ரத்தம் பூஜ்ஜியம் என்பது பழைய ஏற்பாடு. அறிவிப்பாளரின் ரத்தம் நோய் என்பது புதிய ஏற்பாடு. ஆகவே பூஜ்ஜியம் என்றால் நோய் என்று இயந்திரம் புரிந்துகொண்டது. அதற்கு வேறு வழி தெரியவில்லை. அறிவிப்பாளரின் ரத்தத்தை வைத்தே அதைச் சரிபார்த்தார்கள், கனகச்சிதமாகப் பொருந்தியது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

விழா நடந்த கூடத்தில் இயந்திரத்தை மேடைமேல் வைத்து, பக்கத்திலேயே மாத்திரை ஜன்னலையும் அமைத்திருந்தார்கள். நோய் உண்டு என்றால் சிவப்பு விளக்கு எரியும், ஜன்னல் தானாகத் திறக்கும், பொட்டலம் வெளியே வரும். வாங்கியவர் அங்கேயே, ஊசிக்காரியின் கண்ணெதிரே முதல் மாத்திரையை விழுங்க வேண்டும். நோயாளிகள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்பதால் இயக்குநர் போட்ட விதி.

“இந்தச் சோதனை பொய் சொல்லாது,” என்று அவர் ஒலிபெருக்கியில் முழங்கினார். “தப்பு செய்யாது. ஏழை பணக்காரன் பார்க்காது. இதன் தீர்ப்பை ஏற்காதவன் அறிவியலையே ஏற்காதவன். முதல் ரத்தம் என்னுடையது!”

கைதட்டலுக்கு நடுவே சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். ரத்தம் இயந்திரத்துக்குள் போனது. பூஜ்ஜியம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஜன்னல் திறந்தது.

“இன்னொரு தரம்,” என்றார் இயக்குநர். இன்னொரு தரமும் சிவப்பு. புள்ளியியல் நிபுணர் கையை நீட்டினார்; சிவப்பு. குழு உறுப்பினர்கள் வரிசையாக வந்தார்கள், வரிசையாகச் சிவப்பு. தலைமை விருந்தினர் தனக்கு ரத்தத்தைக் கண்டாலே ஆகாது என்று நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“மெஷின் ரிப்பேரா?” என்று அவர் கேட்டார்.

“மெஷின் தப்பே செய்யாதுங்க,” என்றார் இயக்குநர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அப்போ உங்களுக்கு நோய் இருக்கு?”

இயக்குநர் கூடத்தைப் பார்த்தார். கூடம் அவரைப் பார்த்தது.

“ஐயா, பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சிருக்கேன்,” என்று ஊசிக்காரி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். “என் கண்ணெதிர்லயே விழுங்கணும்ங்க. தினமும் வரணும், மாசக்கணக்கா. சிறுநீர் செவப்பாப் போகும், பயந்துடாதீங்க.”

விழுங்கினால் நோயாளி. விழுங்காவிட்டால் சோதனை பொய். இயக்குநர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அது யாரோ தந்துவிட்டுப்போன பூச்சி என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் அறிவிப்பாளரின் மனைவி பாப்பாவோடு மேடை ஏறினாள். பாப்பா வீறிட்டு அழ அழ ஊசிக்காரி துளி ரத்தம் எடுத்தாள். பூஜ்ஜியம், சிவப்பு, குழந்தைப் பொட்டலம் வந்து விழுந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் இயக்குநரின் பக்கம் திரும்பினாள்.

“இவருக்கு?” என்று கணவனைக் காட்டினாள்.

“அவர் தரம். தரத்துக்கு மாத்திரை கிடையாது,” என்றார் இயக்குநர், மாத்திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆமாங்கய்யா. தரமா இருக்கறவங்க மாத்திரை சாப்பிடக் கூடாது. நீங்க போட்ட விதிதானே?”

இயக்குநர் நிமிர்ந்தார்.

அவள் கணவனின் கழுத்திலிருந்து பழைய அட்டையைக் கழற்றி, கவுண்டரில் பிடிப்பதுபோல உயர்த்திப் பிடித்தாள். “இது எங்ககிட்டத் தவறுதலா வந்து சேந்த பொருளுங்க. உரியவங்க அடையாளம் சொல்லி வாங்கிக்கலாம். கிருமி அண்டாத ஆளா இருக்கணும். சுத்தமான பூஜ்ஜியமா இருக்கணும். இந்தக் கூட்டத்துல அப்படி யாராவது இருக்கீங்களா?”

“நான்!” என்றார் இயக்குநர். மைக் அவர் வாய்க்கு எதிரிலேயே இருந்தது. “நான்தான் பூஜ்ஜியம்! ஆரம்பத்திலிருந்தே நான் சுத்தமான பூஜ்ஜியம்!”

கூடம் கைதட்டியது. ஊசிக்காரிதான் பலமாகத் தட்டினாள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். இயக்குநர் அட்டையைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். நோய்க்கான தரமாக அறிவிப்பாளரின் பழைய ரத்தமே உறைபெட்டியில் ஒரு ஊருக்குப் போதும் அளவுக்கு இருக்கிறது, ஆள் தேவையில்லை என்று புள்ளியியல் நிபுணர் அவசரமாக அறிவித்தார். பிரித்து வைத்த பொட்டலம் கேட்பாரற்று இருந்தது. அறிவிப்பாளர் ஊசிக்காரியின் கண்ணெதிரே விழுங்கினார். மிச்சத்தை அவர் எடைக்குத் தக்கபடி பார்த்துக்கொள்வதாகக் கூட்டத்திலிருந்து டாக்டரம்மா குரல் கொடுத்தார்.

உண்மையாகவே கிருமி அண்டாத ஒருவரின் ரத்தம் பூஜ்ஜியமாகவும், உண்மையாகவே நோயுள்ளவரின் ரத்தம் நோயாகவும் அமைந்துவிட்டதால், அந்தச் சோதனை தற்செயலாகச் சரியாக வேலை செய்ய ஆரம்பித்தது. ஊரில் தொற்றுள்ளவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியவந்தார்கள். ஜன்னல் மூடவே நேரமில்லை. இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகியதும் நோய் பெருகிவிட்டது என்று மதிப்பீட்டுக் குழு வருத்தம் தெரிவித்தது.

மாதங்கள் போக, பேருந்து நிலையத்தில் நாலாவது மேடையின் அறிவிப்பு இருமல் இல்லாமல் முழுசாகக் கேட்டது. பாப்பா மைக்கைப் பிடுங்கி, போகாத ஊருக்கெல்லாம் பேருந்து விட்டது.

எதிரே, நிறுவனத்தின் மாடியில் விதிப்படி கட்டிய கண்ணாடி அறையில் இயக்குநர் உட்கார்ந்திருக்கிறார். அதில் அரைவட்ட ஓட்டை வைக்கவில்லை. வாராவாரம் ஊசிக்காரி வருகிறாள்.

“என்னை எப்பம்மா விடுவாங்க?”

“தரம் கெட்டாத்தாங்கய்யா. உடம்புக்கு ஏதாவது செய்யுதா?”

இயக்குநர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை இருமிக் காட்டுகிறார். ஊசிக்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பஞ்சை அவர் முழங்கையில் வைத்து அழுத்துகிறாள்.

“நல்லா இருமறீங்கய்யா. ஆனா தரத்தோட இருமல் இருமல்ல சேராதே.”